சிறுநீர்க் குழாயுடன் தொழும் நோயாளி

பக்கவாதத்தாலோ பிராஸ்டேட் வீக்கத்தாலோ சிறுநீர் கழிக்க இயலாதவர்களுக்கு டாக்டர்கள் ‘கதீட்டர்’ என்னும் குழாயைப் பொருத்தி, பையுடன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தொழுகையில் பேணுதலுள்ள பெரியவரானால் உடனே ஒரு கவலை: “நஜீஸ் நிறைந்த பையுடன் எப்படித் தொழுவேன்?” அவர் மனம் அமைதி பெறட்டும் என்று வீட்டார் ஒவ்வொரு வக்திலும் பையைக் கழற்றிக் கழுவி மாட்டுகிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்யும் இக்காரியமே நோயை வரவழைத்துவிடும்.

குழாயும் பையும் சேர்ந்து மூடிய ஒரே பாதை. இணைப்பைப் பிரிக்கும்போது கிருமிகள் உள்ளே நுழைய வழி ஏற்படுகிறது. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சுமார் 100க்கு 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் புதிதாகக் கிருமி சேர்கிறது. ஒரு மாதத்தில் அநேகமாக எல்லோருக்கும் சேர்ந்துவிடும். இது மட்டும் நோயல்ல. இதற்காக நாமே மாத்திரை வாங்கிக் கொடுக்கலாகாது. அக்கிருமி சிறுநீரகத்துக்கோ இரத்தத்துக்கோ பரவினால்தான் உயிருக்கு ஆபத்து.

மார்க்கம் இவருக்குச் சிரமம் தரவில்லை. இடைவிடாத உதிரப்போக்குடைய ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள், தொழுகையை விட்டுவிடலாமா என்று கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் கூடாதென்றே கூறினார்கள். சிறுநீர் ஓயாமல் வடிபவரின் சட்டமும் இதைச் சார்ந்ததே. ஹனபீ மத்ஹபில் ஒரு வக்துக்குச் செய்த உளூவைக் கொண்டு அவ்வக்து முடியும்வரை தொழலாம். ஷாபிஈ மத்ஹபில் வக்து வந்தபின் உளூ செய்து, தாமதியாமல் தொழ வேண்டும். ஒவ்வொரு பர்ளுக்கும் உளூவைப் புதுப்பிக்க வேண்டும். தண்ணீர் தீங்கு தருமானால் தயம்மும் உண்டு. கழற்ற முடியாத பையுடனேயே தொழலாம் என இக்கால உலமாக்கள் தீர்ப்பளித்துள்ளனர்.

பராமரிப்போர் கவனிக்க வேண்டியவை:

1. குழாயைத் தொடுமுன்பும் பின்பும் சோப்பால் கை கழுவுக.

2. பையைக் கழற்றாமல், அடியிலுள்ள திருகைத் திறந்து தொழுகைக்கு முன் காலி செய்க. அதன் வாய் பாத்திரத்தில் படலாகாது.

3. பை எப்போதும் சிறுநீர்ப் பைக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கட்டும். நோயாளியைக் கிப்லாப் பக்கம் திருப்பும்போது அதைப் படுக்கைமீது வைத்தால் சிறுநீர் திரும்ப உள்ளே பாயும். குழாய் மடங்காமலும் பார்க்க.

4. குழாய் நுழையுமிடத்தைத் தினமும் சோப்பும் நீரும் கொண்டு கழுவுக. பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக.

5. டாக்டர் தடுக்காவிடில் தண்ணீர் தாராளமாகக் கொடுக்க.

காய்ச்சல், நடுக்கம், விலாவலி, திடீரென்று வந்த மனக்குழப்பம், சிறுநீரில் இரத்தம், பைக்கு நீர் வராமை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே டாக்டரிடம் சொல்க. குழாய் இன்னும் தேவைதானா என்பதையும் ஒவ்வொரு முறையும் கேட்க. குழாயை விரைவில் எடுப்பதே சிறந்த தற்காப்பு.

அல்லாஹ் நம் நோயாளிகளுக்குப் பூரண சுகமளிப்பானாக! ஆமீன்.