சிறுநீரகப் புற்றுநோய்க்குக் காரணம் காணும் முறை

சிறுநீரகத்தில் தோன்றும் புற்றுநோய் ஒரே வகையினதன்று. வயது வந்தோரிடம் மிகுதியாகக் காணப்படுவது, சிறுநீரை உண்டாக்கும் நுண்குழாய்களின் உயிரணுக்களில் தோன்றுவதாகும். மற்றொரு வகை, சிறுநீர் முதற்கண் வந்து சேரும் உட்குழியின் சவ்விலும், அங்கிருந்து பைக்கு இறங்கும் சிறுநீர்நாளத்திலும் தோன்றுகிறது. முதல் வகைக்குப் புகைபிடித்தல், மிகைப் பருமன், உயர்ந்த இரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் ஏதுவாகின்றன என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டுள்ளது. இரண்டாம் வகைக்கும் புகைபிடித்தல் ஓர் ஏதுவாகும்.

ஆயினும், இவை உடையோர் யாவரும் நோயுறுவதில்லை. இவை இல்லாதோர் சிலர் நோயுறுகின்றனர். ஆகவே ஒரு நோயுடன் சேர்ந்து காணப்படுவது வேறு, அந்நோயை விளைவிப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வளவு அரிது என்பதற்குப் பால்கன் நாடுகளின் வரலாறு தக்க சான்றாகும்.

பல்கேரியா, செர்பியா, போஸ்னியா, குரோஷியா, ருமேனியா ஆகிய நாடுகளில், டான்யூப் ஆற்றையும் அதன் கிளையாறுகளையும் அடுத்த சில சிற்றூர்களில் ஒரு விந்தையான நோய் நிலவுவதை மருத்துவர்கள் 1950களில் விவரித்தனர். சிறுநீரகங்கள் பல்லாண்டுகளில் மெல்லச் சுருங்கிச் செயலிழந்தன. நோயுற்றோரில் பலருக்கு மேற்கூறிய இரண்டாம் வகைப் புற்றுநோயும் உண்டாயிற்று.

ஒரே குடும்பத்தில் பலர் நோயுற்றமையால் இது பரம்பரை நோயெனச் சிலர் கருதினர். ஆனால் வெளியிலிருந்து வந்து குடியேறியோரும் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் இந்நோய்க்கு ஆளாயினர். ஓர் ஊர் துன்புற, அண்டை ஊர் நலமாயிருந்தது. எனவே, குருதி உறவினும் வாழுமிடமே காரணத்துக்கு நெருங்கியதெனத் தெரிந்தது. தானியத்தில் படரும் பூஞ்சக்காளான், நிலக்கரிப் படுகையினூடே ஊறிவரும் கிணற்று நீர் முதலியன ஐயுறப்பட்டன. கோதுமை வயல்களில் களையாக வளரும் அரிஸ்டலோக்கியா என்னும் செடியின் விதைகள் அறுவடையில் கலந்து மாவில் சேர்கின்றன என்னும் கருத்தை 1969 அளவில் இவிச் என்னும் ஆராய்ச்சியாளர் வெளியிட்டார். அது அப்போது போதிய கவனம் பெறவில்லை.

துப்பு வேறிடத்திலிருந்து கிடைத்தது. பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகைக் குளிகைகள் உண்ட பெண்கள் சிலருக்குச் சிறுநீரகங்கள் விரைவில் பழுதுற்ற செய்தி 1993இல் வெளியாயிற்று. ஒரு சீன மூலிகைக்கு மாற்றாக அரிஸ்டலோக்கியாச் செடியின் வேர் தவறிச் சேர்க்கப்பட்டிருந்தது. இவர்களது சிறுநீரகத்தின் பழுது பால்கன் நோயாளிகளுடையதை ஒத்திருந்தது. 2007இல் வெளியான ஆய்வு ஒன்று, குரோஷிய நோயாளிகளின் சிறுநீரகத் திசுவில் மரபுப் பொருளோடு பிணைந்து கிடந்த அச்செடியின் அமிலத்தைக் கண்டது. அவ்வமிலத்துக்கே சிறப்பாக உரிய மரபு மாற்றத்தையும் அவர்களது புற்றுக் கட்டிகளில் கண்டது. நஞ்சு தன் கைவரிசையை உயிரணுவிலேயே விட்டுச் சென்றிருந்தது எனலாம்.

இம்முறை பின்னர் விரிவடைந்தது. பதினொரு நாடுகளைச் சார்ந்த 962 நோயாளிகளின் முதல்வகைக் கட்டிகளை ஆராய்ந்த முடிவுகள் 2024இல் வெளிவந்தன. ருமேனிய, செர்பிய நோயாளிகளின் கட்டிகளில் இதே அமிலத்தின் தடம் காணப்பட்டது. ஜப்பானிய நோயாளிகளுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோரிடம் வேறொரு தடம் இருந்தது. அதனை விட்டுச் சென்ற பொருள் இன்னதென அவ்வாய்வில் புலப்படவில்லை. தேடுதல் முடிவுறவில்லை என்பதற்கு இதுவே சான்று.

நம் நாட்டிற்கும் இதில் படிப்பினை உண்டு. நாட்டு மருந்தில் வழங்கும் ஈசுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் இவ்வினச் செடிகளே. இவ்வமிலம் கொண்ட செடிகள் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பன என உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2002இல் வகைப்படுத்தியது. ஆதலின் களப்பணியாளர் கீழ்க்கண்டவற்றைக் கருத்திற் கொள்க:

1. நோயாளியிடம் மாத்திரைகளை மட்டுமன்றி, உண்ட வேர், இலை, பொடி ஆகியவற்றையும் கேட்டு, பெயரும் காலமும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

2. சிறுநீரில் இரத்தம் காணப்படின், வலி இல்லாவிடினும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

3. எல்லா மூலிகையும் நஞ்சென்று மக்களை அச்சுறுத்தலாகாது. இவ்வினச் செடிகளை உட்கொள்ள வேண்டாவென விளக்கிக் கூறுதலே முறை.

ஆசிரியர்கள், குடும்பத்தில் தொடர்ந்து வரும் நோயெல்லாம் பரம்பரை நோயன்று என்பதை மாணவர்க்கு உணர்த்த இவ்வரலாற்றைப் பயன்படுத்தலாம். ஒரே குருதியினர் ஒரே உணவையும் உண்கின்றனர் என்பதை மறத்தல் ஆகாது.