தவறணையில் ஒரு கலப்பிரிவு

என் சிநேகிதியின் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். விதைத் தேயிலை மலைக்கு அனுப்பினால் அன்றைக்குக் கிலோ நிறையாது, அரைப் பேர்தான் விழும், வீ.பி. மலையென்றால் கவலையில்லை என்பார். ஒரே தோட்டம், ஒரே மழை. பிறகேன் இந்த வேறுபாடு? கலப்பிரிவைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

தேயிலையின் உடற்கலம் ஒவ்வொன்றிலும் 30 நிறமூர்த்தங்கள் உள்ளன. (நமக்கு 46.) தவறணையில் ஓர் இலையோடு சிறு தண்டை வெட்டி நடுகிறார்களே, அந்தத் துண்டு வேர்விட்டு வளர்வது இழையுருப்பிரிவினால். கலம் பிரியுமுன்னே ஒவ்வொரு நிறமூர்த்தமும் இரட்டித்துவிடும். ஒட்டியபடியே அந்த இரட்டைகள் கலத்தின் நடுவில் வரிசைக்கு வரும். இரு முனைகளிலிருந்தும் நீளும் கதிர்நார்கள் அவற்றைப் பற்றும். ஒன்றே ஒன்று சரியாகப் பற்றப்படாவிட்டாலும் மற்றவை பிரியாமல் காத்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். காலைக்கூட்டத்துக்குப் பிந்தி வரும் ஒருத்திக்காக வகுப்பே நிற்பதுபோல! எல்லாம் சரியானதும் இரட்டைகளை ஒட்டிவைத்த புரதம் வெட்டுப்படும். ஒன்று இம்முனைக்கும் மற்றது அம்முனைக்கும் இழுபடும். இரண்டு புதுக் கலங்களிலும் அதே 30.

ஆகவே நன்றாகத் துளிர்க்கும் ஒரு தாய்ச்செடியைத் தேர்ந்து துண்டு எடுத்தால் மலை முழுவதும் அந்தச் செடியேதான். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.ஆர்.ஐ. 2025 அப்படிப் பரவியதே.

விதையின் கதை வேறு. பூவில் நடப்பது ஒடுக்கற்பிரிவு. அமைப்பொத்த நிறமூர்த்தங்கள் சோடி சேர்ந்து, துண்டுகளைத் தமக்குள் மாற்றிக்கொண்டு, பின் பிரிகின்றன. புணரிக்குக் கிடைப்பது 15 மட்டும். ஒவ்வொரு சோடியிலும் எது எந்தப் பக்கம் போகும் என்பது தற்செயல். துண்டு மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமலே 32,768 விதங்கள்! மகரந்தமும் பெரும்பாலும் வேறு செடியிலிருந்து வருகிறது. அதனால்தான் விதை மலையில் ஒரு செடி துளிர்க்க, பக்கத்துச் செடி சும்மா நிற்கிறது.

அதற்காக விதைச் செடியைக் குறைவாக நினைக்க எனக்கு மனமில்லை. ஒரேமாதிரியான மலையில், அந்த இனம் தாங்காத நோய் வந்தால் எல்லாச் செடிக்கும் ஒரே ஆபத்து. அந்தத் தாய்ச்செடியும் ஒரு நாள் விதையிலிருந்து முளைத்ததுதானே.

இதையெல்லாம் சிநேகிதியின் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி புள்ள, நாளைக்கு எந்த மலைன்னு கங்காணிகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டார்.