தட்டலா, தடவலா? டச்பேட் கேள்வி-பதில்

கே: லேப்டாப்பில் தட்டச்சு செய்யும்போது கர்சர் திடீரென்று நாலு வரி மேலே தாவிவிடுகிறது. வைரஸ், ஃபார்மட் பண்ண வேண்டும் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர்.
– தட்டச்சு மையம் நடத்துபவர், விருதுநகர்

ப: வைரஸ் இல்லை, உங்கள் கட்டைவிரலின் அடிச்சதை. எழுத்தடிக்கும்போது அது டச்பேடில் பட்டுப் பட்டு விலகுகிறது. அதைத் தட்டல் என்று எடுத்துக்கொண்டு, சுட்டி நிற்கும் இடத்தில் கணினி கிளிக் செய்துவிடுகிறது. விண்டோஸ் என்றால் செட்டிங்ஸில் டச்பேட் சென்சிடிவிட்டியை 'லோ'வில் வையுங்கள். ஃபார்மட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

உங்கள் கையைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு தொடுகை எவ்வளவு நேரம் இருந்தது, எவ்வளவு நகர்ந்தது, சற்று முன் ஏதாவது விசை அழுந்தியதா என்று பார்த்த பிறகுதான் அதைக் கிளிக் என்று இயங்குதளம் ஏற்க வேண்டும். லினக்ஸில் இந்தப் பொறுப்பு லிபின்புட் என்ற மென்பொருளுக்கு. விரல் 180 மில்லி விநாடிக்குள் எழுந்துவிட வேண்டும், 1.3 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது என்பது அதன் கணக்கு. தொடர்ந்து எழுத்தடித்துக்கொண்டிருந்தால், கடைசி விசைக்குப் பின் அரை விநாடி வரை டச்பேடைக் கண்டுகொள்வதே இல்லை. அதுதான் முறை. தட்டியது பதிவாகாமல் போனால் என்ன நஷ்டம்? இன்னொரு தரம் தட்டுவோம். தட்டாதது பதிவானால் பாதி எழுதிய கடிதம் போய்விடும், தேர்ந்தெடுத்த பத்தி அழிந்துவிடும். இரண்டும் ஒரே அளவு பிழை என்று நினைத்து மென்பொருள் எழுதுகிறவர்கள் மேல்தான் என் கோபமெல்லாம். சந்தேகம் வந்தால் கணினி சும்மா இருக்க வேண்டும். வாங்குகிற நாமும் கடையில் விரலால் தடவிப் பார்த்து 'நல்ல ஸ்பீடு' என்று திருப்திப்படுகிறோம். டச்பேடைச் சோதிக்க ஒரு பக்கம் முழுக்கத் தட்டச்சு செய்து பாருங்கள், கடைக்காரர் காத்திருக்கட்டும்.

கே: லினக்ஸ் போட்டேன். தட்டினால் கிளிக் ஆகவில்லை. டச்பேட் போய்விட்டதா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

ப: போகவில்லை. தட்டினால் கிளிக் ஆகும் வசதியைச் செட்டிங்ஸில் ஆன் செய்யுங்கள். லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பில் 2024இல் வந்த 46ஆம் பதிப்பிலிருந்துதான் அது தானாகவே ஆனில் இருக்கிறது. மேக் வாங்கினாலும் ஆஃபில்தான் வரும்.

கே: ஒரு ஃபைலைத் தட்டிவிட்டு விரலை நகர்த்தினால், ஃபைலும் கூடவே வந்து வேறு ஃபோல்டரில் விழுந்துவிடுகிறது.
– கணக்கர், ஈரோடு

ப: தட்டி, விரலை எடுத்து, உடனே மறுபடி வைத்து இழுத்தால் 'பிடித்து இழு' என்று பொருள். உங்களுக்குக் கை வேகம் அதிகம். செட்டிங்ஸில் 'டேப் அண்ட் டிராக்' அல்லது 'டேப் ட்வைஸ் அண்ட் டிராக்' என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். காணாமல்போன ஃபைலைத் தேடும் முன் கன்ட்ரோல்-இசட் அழுத்திப் பாருங்கள்.

கே: அப்பாவுக்கு 74 வயது. அவர் தட்டினால் பத்துக்கு ஏழு முறை கிளிக் ஆவதில்லை. தனக்கு இதெல்லாம் வராது என்று லேப்டாப்பை மூடி வைத்துவிட்டார்.
– வாசகி, நாமக்கல்

ப: அவருக்கு வராதது ஒன்றும் இல்லை என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள். மெதுவாக வைத்து மெதுவாக எடுக்கும் விரலை, சுட்டியை நகர்த்த வந்த விரல் என்று கணினி நினைத்துக்கொள்கிறது. எல்லாருக்கும் தட்டலுக்கான நேர வரம்பைக் கூட்டினால், விரலைச் சும்மா வைத்திருப்பவர்களுக்குப் பொய்க் கிளிக் விழும். அதனால் ஆளுக்கேற்ப நேரத்தை மாற்றிக்கொள்ள செட்டிங்ஸில் இடம் வேண்டும். லிபின்புட்டிலேயே அது இல்லை என்பது எனக்கு வருத்தம். இப்போதைக்குத் தட்டலை அணைத்துவிட்டு, டச்பேடின் கீழ்ப்பகுதியைச் சத்தம் கேட்கும்வரை அழுத்தச் சொல்லுங்கள். அதுவும் சிரமமென்றால் ஒரு மவுஸ் வாங்கிக் கொடுங்கள். லேப்டாப்பை இன்றைக்கே திறந்து வையுங்கள்.

கே: அடிக்கடி தட்டினால் டச்பேட் தேய்ந்துவிடுமா?
– வாசகர், காரைக்குடி

ப: தேயாது. ஈரக்கையோடு தொடாதீர்கள்.