நண்பன் போன பிறகு எதற்கு அவசரம்?

கேள்வி: என்னோடு பள்ளியில் படித்த நண்பன் 26 வயதில் திடீரென்று இறந்துவிட்டான். கருமாதி முடிந்து ஒரு மாதம் ஆகிறது. வாழ்க்கை இவ்வளவுதான் என்றால் சேமிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் எதற்கு? வேலையை விட்டுவிட்டு இருக்கிறவரை நினைத்தபடி வாழ்ந்துவிடலாம் என்று தோன்றுகிறது. சரிதானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வீராம்பட்டினம்

பதில்: உங்கள் துயரம் நியாயமானது. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன், 1921-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இந்தியரின் சராசரி ஆயுள் 30-ஐக்கூட எட்டவில்லை. குழந்தைச் சாவும் கொள்ளைநோயும் அதற்குக் காரணம். இன்று அது 70-ஐ ஒட்டி நிற்கிறது. அன்று இளஞ்சாவு காணாத குடும்பம் அரிது. இன்று 26 வயதுப் பையன் போனால் தெருவே அதிர்கிறது. அவனுக்கு இன்னும் நாற்பது வருடமாவது இருக்கிறது என்று எல்லோரும் நம்பியிருந்ததுதான் காரணம். அவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போனது என்பதையே அவன் சாவு சொல்கிறது. உங்களுக்கும் நாள் குறைவு என்று சொல்லவில்லை.

பாரதி 1921 செப்டம்பரில் மறைந்தபோது அவருக்கு வயது 38. புதுச்சேரியில் அவரோடு நெருங்கிப் பழகிய கனக சுப்புரத்தினத்துக்கு அப்போது 30. பாரதிதாசன் என்று பெயர் சூட்டிக்கொண்ட அவர் பள்ளி ஆசிரியர் வேலையை உதறிவிடவில்லை. ‘பாரதிதாசன் கவிதைகள்’ தொகுதி வந்ததே 17 ஆண்டு கழித்து, 1938-இல்தான். அவர் கவிஞர், நம் கதை வேறு என்பீர்கள். சரி, உங்கள் ஊரையே பாருங்கள். சாவு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை மீனவரைவிட அறிந்தவர் யார்? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகும் அவர்கள் படகு வாங்கினார்கள், பல ஆண்டு கட்ட வேண்டிய கடனும் வாங்கினார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்கிறார்கள். வேறு பிழைப்பு இல்லாததால்தானே என்று கேட்கலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, வீட்டில் பிள்ளைகள் அடுத்த வருடமும் சாப்பிட வேண்டும், படிக்க வேண்டும் என்பது. ஆபத்து தெரிந்தவர்கள்தான் இப்படி நெடுநாள் கணக்குப் போடுகிறார்கள்.

நாளை நிச்சயமில்லை என்பதில் உண்மையே இல்லையா? உண்டு. பேசாமல் இருக்கும் அண்ணனிடம் பேசுவது, தள்ளிப்போட்ட மருத்துவப் பரிசோதனை, இவற்றுக்கு அது நல்ல காரணம். வேலையை விடுவதற்கு அது போதாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பங்காளிகளுக்குத் துக்கம் காக்க நாள் குறித்துத் தந்திருக்கிறது நம் வழக்கம். நண்பனுக்கு அப்படி எதுவும் இல்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பிய மறுநாளே அவன் வேலைக்குப் போயாக வேண்டும். உட்கார இடம் கிடைக்காத அந்தத் துக்கம்தான் இப்போது எல்லாவற்றையும் உதறச் சொல்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே ஆறு மாதத்துக்குப் பெரிய முடிவு எதுவும் வேண்டாம். கருமாதி முடிந்ததும் உங்கள் நண்பன் வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாவைப் போய்ப் பாருங்கள், அவனைப் பற்றிப் பேசுங்கள். தூக்கமோ சாப்பாடோ சரியாகாமல் நீடித்தால், அல்லது நாமும் போய்விடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.