வெள்ளவாய்க்காலில் விட்டது கிணற்றில் வரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல, மாரியில் ஓடும் வழுக்கையாறு ஒன்றே உண்டு. தீவுப்பகுதியில் அதுவும் இல்லை. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் மழைதான் எமக்கு ஆறு. அது ஓடுவது வெள்ளவாய்க்காலில், சேர்வது குளத்தில், தங்குவது நிலத்துக்கடியில். ஆகவே வாய்க்காலைக் காப்பதே எமக்கு ஆற்றைக் காப்பதாகும்.

நிலத்தடியில் நடப்பது என்ன?

எமது நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளூடாக மழைநீர் சரியாக வடிபடாமலே விரைந்து இறங்குகிறது. இறங்கிய நன்னீர், பாரம் கூடிய உவர்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி உவராகிவிடும். எனவே மழைநீரைக் கடலுக்கு விட்டுவிடவும் முடியாது; அழுக்கோடு நிலத்துள் விடவும் முடியாது.

கலப்பவை எவை?

முதல் மழை சாணம், யூரியா, பூச்சிமருந்து, கழிவு ஒயில் எல்லாவற்றையும் வாரிவரும். உரத்திலும் மலத்திலும் இருந்து வரும் நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, கொதிக்கவைத்தாலும் போகாது. உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதை மிஞ்சிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு ஒயில் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. பணத்தை விதிக்கலாம்; கெட்ட நீரைத் தீர்ப்பினால் திருப்ப முடியாது.

நாம் செய்யக்கூடியவை

1. ஐப்பசி மழைக்கு முன் அயலவர் கூடி வாய்க்காலையும் மதகையும் துப்புரவாக்குவோம். அள்ளிய குப்பையைக் கரையில் விடக்கூடாது.
2. மருந்து தெளித்த தாங்கியை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கழுவாது, கழுவிய நீரை அதே பயிருக்குத் தெளிப்போம்.
3. நீரிறைக்கும் இயந்திரத்தின் பழைய ஒயிலை நிலத்தில் ஊற்றாது, போத்தலில் சேர்த்துக் கராஜில் கொடுப்போம்.
4. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி இருக்கட்டும். வெடிப்புள்ள கல்நிலத்தில் இன்னும் தள்ளி அமைப்பது நல்லது.
5. வாய்க்கால் குளத்தில் சேருமிடத்தில் புல்லை வளரவிடுவோம். மண்ணும் அழுக்கும் அதில் தங்கும்.

1990-91இல் தீவுகளை விட்டு வெளியேறியவர்களில் பலர் திரும்பினர். பலர் இன்னும் வேறிடங்களில் வாழ்கின்றனர். இருப்பது இரவல் வளவாயினும், குடிப்பது எமது பிள்ளைகள். வாய்க்காலுக்கு வேலி இல்லை. ஒரு வளவில் ஊற்றியது அடுத்த வளவின் கிணற்றில் ஊறும்.

கலந்துரையாடுவோம்

* எமது வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? நடந்து பார்த்துப் படம் வரைவோம்.
* அதன் வழியில் எத்தனை கிணறுகள், எத்தனை குழிகள் உள்ளன?