மலிவான மின்னணுப் பலகை வாங்கலாமா?



வடசென்னையில் வாழும் நமக்கு இயந்திரம் புதிதன்று. 1950களிலேயே எண்ணூரில் லாரிகளும் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள்களும் உருவாகத் தொடங்கின. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் திருப்புளியும் ஸ்பானருமாகப் பழகியவர்கள். இன்று நம் கைக்கு வந்திருக்கும் புதிய கருவி மைக்ரோகண்ட்ரோலர் பலகை. இணையக் கடையில் தேடினால், பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு நீலப் பலகைகளில் ஒன்று ஈராயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. மற்றொன்று சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. "இவ்வளவு மலிவா? போலியாக இருக்குமோ?" என்று பெற்றோர் ஐயுறுவது இயல்பே. அந்த ஐயத்திற்கு விடை காண முயல்வோம்.

பலகை என்பது யாது?

மைக்ரோகண்ட்ரோலர் என்பது ஒரே சில்லுக்குள் அடங்கிய சிறு கணினி. ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகையில் பெயர்பெற்ற அட்மேகா 328 சில்லை எடுத்துக்கொள்வோம். இதில் நிரலைச் சேமிக்க 32 கிலோபைட் இடமும், கணக்கிடும்போது பயன்படும் நினைவகமாக 2 கிலோபைட்டும் உள்ளன. கைப்பேசியோடு ஒப்பிட்டால் இது மிகமிகச் சிறிது. ஆயினும் விளக்கை அணைத்து ஏற்றவும், தொட்டியின் நீர்மட்டத்தை அறியவும், வெப்பநிலையைக் குறிக்கவும் இதுவே போதும்.

மலிவுக்குக் காரணம்

ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், ஒரு வடிவமைப்புக் கல்விக்கூடத்தில் பிறந்தது. குறைந்த செலவில் மாணவர்கள் பழகவேண்டும் என்பதே நோக்கம். எனவே பலகையின் வரைபடங்களை யாவரும் பயன்படுத்தலாம் எனத் திறந்துவிட்டனர். அவற்றைப் பார்த்து எவரும் பலகை செய்து விற்கலாம். அது திருட்டன்று. ஆனால் ஆர்டுயினோ என்னும் பெயரும் முத்திரையும் உரியவர்க்கே சொந்தம்.

மற்றொரு காரணமும் உண்டு. கணினியோடு பேச மலிவுப் பலகைகளில் பெரும்பாலும் சி.எச். 340 என்னும் விலை குறைந்த சீனச் சில்லை வைக்கிறார்கள். அதற்கான இயக்கி மென்பொருளைக் கணினியில் தனியே நிறுவ நேரிடலாம். மற்றபடி அது நன்றாகவே வேலை செய்யும்.

படியும் போலியும்

தன் பெயரில் நேர்மையாக விற்கப்படும் பலகை படி. பிறர் பெயரைப் பொறித்துக்கொண்டு வருவது போலி. வெளுத்ததெல்லாம் பாலல்ல அன்றோ! போலியால் வரும் இன்னலுக்குச் சான்று ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய போலி யு.எஸ்.பி. சில்லுகள் உலகெங்கும் பரவியிருந்தன. 2014 அக்டோபரில் அந்நிறுவனத்தின் புதிய இயக்கி மென்பொருள் விண்டோஸ் கணினிகளில் வந்தபோது, போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைச் சுழியமாக மாற்றிவிட்டது. அதன்பின் கணினி அவற்றை அடையாளம் காணவில்லை. போலி என்று அறியாமலே வாங்கியவர்கள்தாம் துன்புற்றனர். எதிர்ப்பு எழவே, நிறுவனம் அம்மென்பொருளைத் திரும்பப் பெற்றது.

வாங்குமுன் காண வேண்டியவை

1. விளம்பரப் படத்தை மட்டும் பாராமல் சில்லின் பெயரையும் எண்ணையும் படிக்கவேண்டும். அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருக் கடைகளின் விலையோடும் ஒப்பிடலாம். அங்கே பொருளைக் கண்ணால் காணும் வாய்ப்பு உண்டு.

2. மின்னழுத்தம் அறியவேண்டும். ஊனோ 5 வோல்ட்டில் இயங்கும், இ.எஸ்.பி. 32 பலகையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. 5 வோல்ட் உணரியை இதில் நேரடியாக இணைத்தால் சில்லு பழுதாகலாம். 1,000 ஓம், 2,000 ஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்து, 2,000 ஓம் மின்தடையின் இரு முனைகளுக்கிடையே எடுத்தால் ஏறத்தாழ 3.3 வோல்ட் கிடைக்கும். ஓம் விதிப்படி கணக்கிட்டுப் பாருங்கள்.

3. கம்பியையும் நோக்கவேண்டும். சில யு.எஸ்.பி. கம்பிகளில் மின்சாரம் மட்டுமே செல்லும், செய்தி செல்லாது. பலகை பழுதென எண்ணுமுன் கம்பியை மாற்றிப் பார்ப்பது நன்று.

4. பொருள் வந்த அன்றே சிறுவிளக்கு மின்னும் நிரலை ஏற்றிச் சோதிக்கவேண்டும். திருப்பி அனுப்பும் கெடு கடந்தபின் வருந்திப் பயனில்லை.

ஓர் எச்சரிக்கை

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். இப்படிப்பட்ட ஊரில் இருப்பதால், எம்.கியூ. 135 என்னும் மலிவான வாயு உணரியை நம் பலகையில் இணைத்து வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை மணி செய்யலாமே என்ற ஆசை நமக்கு எழுவது இயற்கை.

அவ்வுணரி அமோனியாவை உணர்வது உண்மைதான். ஆனால் புகையையும் சாராய ஆவியையும் பென்சீனையும் அவ்வாறே உணரும். எது எனப் பிரித்துச் சொல்லாது. வெப்பமும் ஈரப்பதமும் மாறினால் அதன் அளவும் மாறும். காசிமேட்டுக் கடற்காற்றின் ஈரம் நாம் அறியாததா? புதிய உணரியை முதலில் 24 மணி நேரத்துக்கு மேல் சூடேற்றவேண்டும் என்றும் அதன் விவரத்தாள் கூறுகிறது. அளவு தெரிந்த வாயுவைக் கொண்டு அளவுத்திருத்தம் செய்யாதவரை அது காட்டும் எண்ணை நம்புவதற்கில்லை. மணி ஒலிக்கவில்லை என்பதற்காக இல்லத்தார் உறங்கிவிட்டால் என்னாகும்? உயிர் காக்கும் பணியைச் சான்று பெற்ற கருவிகளிடமே விடவேண்டும். கடும் நெடி வந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்வதே முதற்கடமை.

ஆகவே, பெற்றோரே, கற்பதற்கு மலிவுப் பலகை தாராளமாகப் போதும்; அஞ்சாமல் வாங்கித் தாருங்கள். தோழியரே, மேலே எழுதியிருக்கும் பெயரை உள்ளே இருக்கும் பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை நாம் கைக்கொள்வோம். பலகையின் பெயராயினும், உணரி காட்டும் எண்ணாயினும், சோதித்த பின்னரே நம்புவோம்.