பாட்டைச் சுருக்கும் கணக்கு

இசை ஒலிக்காத இல்லம் ஆவடியில் உண்டோ? திருப்பலிப் பாடலும், கோவில் ஒலிபெருக்கியும், தேநீர்க் கடைத் திரைப்பாட்டும் கலந்தே நம் ஊரில் பொழுது புலர்கிறது. முன்பு வானொலியிலும் ஒலிநாடாவிலும் கேட்டவையெல்லாம் இன்று கைபேசிக்குள் வந்து அடங்கிவிட்டன. ஆனால் அதில் இடம் போதவில்லை என்பதே எல்லா வீட்டிலும் குறை. இடம் நிறைந்ததும் முதலில் அழிக்கப்படுவது பாட்டுதான். அழிக்காமல் சுருக்கி வைக்க வழி உண்டு. எவ்வளவு சுருக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை இங்கே காண்போம்.

முதலில் சுருக்காத பாட்டின் அளவைக் கணக்கிடுவோம். மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைக் கேட்கும் என்று ஒலியியல் பாடத்தில் படித்திருக்கிறோம். 20,000 அதிர்வுகளையும் எண்களாகப் பதிய வேண்டுமானால் அதன் இருமடங்குக்கும் மேலாக மாதிரிகள் எடுக்க வேண்டும். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்தனர். ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட்; இடம், வலம் என இரண்டு தடங்கள். மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று ஏறத்தாழ 53 மெகாபைட் ஆகிவிடும். அதையே விநாடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் சுருக்கினால் 4.8 மெகாபைட்தான். பதினொன்றில் ஒரு பங்கு! மீதிப் பத்துப் பங்கு எங்கே போயிற்று?

இதற்கு விடை நம் ரயில் நிலையத்திலேயே இருக்கிறது. நடைமேடையில் தோழியுடன் பேசிக்கொண்டிருக்கிறோம். நில்லாமல் போகும் விரைவு வண்டி ஒன்று நம்மைக் கடக்கிறது. தோழியின் உதடு அசைகிறது, சொல் கேட்கவில்லை. அவள் குரல் காற்றில் இல்லாமல் போய்விடவில்லை. பெரிய ஓசை அதை நம் செவிக்கு மறைத்துவிட்டது. பாட்டிலும் இப்படியே. தவில் முழங்கும் கணத்தில் அதனருகே ஒலிக்கும் மெல்லிய ஓசைகள் பல நமக்குக் கேட்பதில்லை. கேட்காததை ஏன் சேமிக்க வேண்டும் என்று கேட்டு, அவற்றை விட்டுவிடுவதே எம்பி3 முறை. ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலிய அறிஞர்கள் இதனை உருவாக்கினர். 1995இல்தான் எம்பி3 என்ற கோப்புப் பெயர் வழக்கிற்கு வந்தது.

பிராண்டன்பர்க் இம்முறையைச் சோதித்தபோது நடந்தது சுவையானது. அமெரிக்கப் பாடகி சூசன் வேகா பக்கவாத்தியம் ஏதுமின்றிப் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்ற பாட்டைச் சுருக்கிக் கேட்டார். மற்றப் பாட்டுகளில் நன்றாக வந்த முறை, இந்தத் தனிக்குரலை மட்டும் கெடுத்துவிட்டது! மறைந்துகொள்ளப் பக்கத்தில் வேறு ஓசை இல்லாததால் குறையெல்லாம் வெளியே தெரிந்தது. அதைச் சரிசெய்ய அவர் அப்பாட்டையே மீண்டும் மீண்டும் கேட்டுத் தம் முறையைத் திருத்தினார். ஆகவே, "வெறும் குரல்தானே, எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கு" என்று சொல்வது சரியன்று.

தாளக் கருவிகளுக்கு வேறொரு தொல்லை. கடம், கஞ்சிரா, ஜால்ரா போன்றவற்றின் ஓசை சட்டென்று பிறப்பது. அளவை மிகக் குறைத்தால், அடி விழுவதற்கு முன்பே அதன் சாயல் மங்கலாகக் கேட்கும். ஜால்ரா ஒலி தண்ணீர் சலசலப்பதுபோல் ஆகிவிடும்.

எங்கள் வகுப்பில் ஐவர் சேர்ந்து இதைச் சோதித்தோம். ஒரே திரைப்பாட்டை 64, 128, 192, 320 என நான்கு அளவுகளில் சுருக்கி, எது எதுவென்று சொல்லாமல் ஒருவருக்கொருவர் போட்டுக் காட்டினோம். 64ஐ எல்லோரும் கண்டுபிடித்தோம். 128ஐ இருவர், அதுவும் ஜால்ராவை வைத்து. 192க்கும் 320க்கும் வேறுபாடு சொல்ல எங்களில் ஒருவராலும் இயலவில்லை. (320க்குக் குறைந்தால் கேட்கவே மாட்டேன் என்னும் அண்ணன்மார் எங்களை மன்னிக்க!) ரயிலில் கேட்க 128 போதும், வீட்டில் அமைதியாகக் கேட்க 192 நன்று என்பது எங்கள் கருத்து. ஏஏசி, 2012இல் வந்த ஓப்பஸ் ஆகிய பின்னாளைய முறைகள் இதைவிடக் குறைந்த அளவிலும் நன்றாக ஒலிக்கின்றன. ஆயினும் பாட்டியிடம் உள்ள பொத்தான் கைபேசிக்கு எம்பி3யே ஏற்றது.

இனி, பெற்றோரும் கவனிக்க வேண்டிய செய்தி. சுருக்குவதில் இருவகை உண்டு. ஒன்று புடவையை மடித்து வைப்பது போன்றது. பிரித்தால் முழுப்புடவையும் கிடைக்கும். 2001இல் வந்த ஃபிளாக் என்ற முறை இவ்வகை. அளவு பாதி அல்லது சற்றுக் கூடுதலாக இருக்கும். மற்றது துணியை வெட்டுவது போன்றது. எம்பி3, ஏஏசி, ஓப்பஸ் எல்லாம் இவ்வகை. வெட்டியது திரும்பாது. 128இல் உள்ள பாட்டை 320ஆக மாற்றினால் கோப்புதான் பெருக்கும், பாட்டு வளராது. எம்பி3யை மறுபடி எம்பி3யாக்கினாலோ மேலும் கெடும்.

இந்தக் கணக்கு எங்களுக்கு இவ்வாண்டு உண்மையாகவே தேவைப்பட்டது. நம் பாடகர் குழுவைப் பல்லாண்டு பயிற்றுவித்து இறைவனடி சேர்ந்த அருட்சகோதரி ஒருவர், ஆர்மோனியம்கூட இல்லாமல் தனியே பாடிப் பதிந்த அறுபது நிமிட ஒலிநாடா ஒன்று கிடைத்தது. நாடா நைந்திருந்தது, பலமுறை ஓட்டினால் அறுந்துவிடும். முன்னாள் மாணவியர் பலரும் அதைத் தங்கள் கைபேசிக்குக் கேட்டனர். 32 போதும், விரைவாகப் போய்ச் சேரும் என்றனர் சிலர். அந்தச் சின்னஞ்சிறு பிரதி ஒன்றே மிஞ்சினால் சிஸ்டரின் குரலில் பாதி என்றென்றைக்குமாகப் போய்விடும் என்று நாங்கள் மறுத்தோம்.

கம்பி வழியாகக் கணிப்பொறியில் இணைத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 44,100 மாதிரி அளவில் ஒரே ஓட்டத்தில் பதிந்தோம். ஒரே ஒலிவாங்கியில் பாடியதாதலால் இரண்டு தடம் தேவையில்லை, ஒன்றே போதும். பாதி இடம் இங்கேயே மிச்சமாயிற்று. ஃபிளாக் கோப்பை இரு வேறு இடங்களில் பத்திரப்படுத்தினோம். அதிலிருந்தே கைபேசிகளுக்காக ஒரு தடத்தில் 96 கிலோபிட் எம்பி3 எடுத்தோம்: அறுபது நிமிடமும் சேர்ந்து 43 மெகாபைட். செய்திச் செயலியில் குரல்பதிவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினோம். அப்படி அனுப்பினால்தான் வழியில் மறுபடி வெட்டுப்படாது.

நாடாவின் இரைச்சலை நீக்கவில்லை. நீக்கினால் குரலின் ஓரமும் சேர்ந்து போகிறது. இரண்டாம் பக்கக் கடைசியில், பாட்டு முடியுமுன் தொலைவில் ஆலய மணி ஒலிக்கிறது. சிஸ்டர் ஒரு மூச்சு நிறுத்தி, மணி அடங்கும்வரை காத்திருந்து, பிறகு தொடர்கிறார். 96இலும் அது கேட்கிறது.